முத்துமாரி அத்தையின் வண்டிக்கு வந்த காய்ச்சல்

எங்கள் தெருவில் இப்போது சேவல் கிடையாது. இருந்த ஒன்றையும் போன கோயில் கொடைக்குக் குழம்பாக்கிவிட்டார்கள். அதனால் விடியக்காலம் தெருவை எழுப்பும் வேலையை முத்துமாரி அத்தையின் ஸ்கூட்டர்தான் பார்த்துவருகிறது.

அது அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டி. இடது கையில் கியர் மாற்ற வேண்டும். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பட்டன் எல்லாம் கிடையாது, மிதிக்க வேண்டும். மிதிக்கும்போதே அத்தை பேச ஆரம்பித்துவிடுவாள். "வா மக்கா... வா ராசா... இன்னா வந்துட்டான் எம்பிள்ள..." என்று முதலில் கொஞ்சல். அதற்கு அசையவில்லையென்றால், "எடுபட்ட மூதி, நேத்துப் பொழுதுக்கும் நின்னுதான கெடந்த, என்ன நோவு ஒனக்கு?" என்று அடுத்த கட்டம். கொஞ்சலுக்கு வராத வண்டி வசவுக்கு வந்துவிடும். எங்கள் தெருப் பிள்ளைகளும் அப்படித்தான்.

அத்தையின் வேலை பூ கொண்டுவருவது. குருவிகுளம் ரோட்டில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிற பக்கமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிச்சியும் மல்லியும் போட்டிருக்கிறார்கள். கால் ஏக்கர், அரை ஏக்கர்க்காரர்கள். ஆளாளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வந்துபோனால் பறிக்க ஆளிருக்காது. அதனால் பறித்த பூவைப் பையில் கட்டி ரோட்டோரம் கொண்டுவந்து வைப்பார்கள். அத்தை வரிசையாக ஏற்றிக்கொண்டு வருவாள். மொட்டு மொட்டாகவே வந்து சேர வேண்டும். வெயில் ஏறி வாய் திறந்துவிட்டால், வாங்குகிறவன் அதைப் பூ என்றே மதிக்கமாட்டான்.

முன்பு டவுன் பஸ்ஸில்தான் கொண்டுவந்தாளாம். ஈரத்துணி சுற்றிய பையை மேலே வைத்தால் கீழே இருக்கிறவர் தலையில் சொட்டும். "யம்மா, பஸ்ஸுக்கு வெளிய மழையில்ல, உள்ள மட்டும் பெய்யுது, நீயே நியாயத்தச் சொல்லு" என்று கண்டக்டர் இறக்கிவிடுவார். அந்தச் சமயத்தில்தான் பெத்துராஜ் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், பழைய வண்டி விலைக்கு இந்த ஸ்கூட்டரை வாங்கினார். மாமா விசைத்தறி ஓட்டுகிறவர். தறியை மட்டும் ஓட்டியிருக்கலாம். வண்டி வந்த மறுநாளே ரயில்வே கேட் பக்கம் ஓர் ஆட்டுக்கு வழிவிட்டு வண்டியோடு சாக்கடைக்குள் போனார். ஆடு நகராமல் நின்று பார்த்ததாம். அதோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

"நிக்க வண்டிக்கு நெதமும் தூசி தட்டவா நான் வாக்கப்பட்டேன்?" என்று அத்தை சாவியை எடுத்தாள். தேர் ஓடும் தெருக்களில் கூட்டமில்லாத மத்தியான வெயிலில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினாள். சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டை, தலையில் ஹெல்மெட், காலில் ரப்பர் செருப்பு. பின்னால் பூ மூட்டை, முன்னால் பூ மூட்டை, நடுவில் அத்தை. தூரத்தில் வரும்போது பூப்பல்லக்குக்கு ஹெல்மெட் மாட்டியது போலிருக்கும். இத்தனைக்கும் அத்தை தலையில் ஒரு பூ வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தால் தும்முவாள்.

அத்தை வீட்டில் மருந்து டப்பாவும் கிடையாது. கோமதியம்மன் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புத்துமண் டப்பா ஒன்றுதான் இருக்கும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அது உண்டு. ஆனாலும் அத்தை அளவுக்கு அதைச் செலவழிக்கிறவர்கள் கிடையாது. வேர்க்குருவா, புத்துமண்ணைக் குழைத்துப் பூசு. அக்கியா, பூசு. காய்ச்சலா, நெற்றியில் ஒரு பற்று. எனக்கு முகம் முழுக்கப் பரு வந்தபோதும் தெருவில் மறித்துப் பூசிவிட்டாள். "சூட்டுக் கொப்புளம்லே. ராத்திரி பூரா போனப் பாத்தா மூஞ்சி வேகாம என்ன செய்யும்?" பரு போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளின் எண்ணிக்கைதான் கூடியது.

எதிர்வீட்டில் இருப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும். என் பெயர் அருண்பாண்டியன். பத்தாவதைத் தாண்டியதும் பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துகொண்டோம். பழைய வண்டிகளைப் பிரிப்பதும், முடிந்தால் சேர்ப்பதும் என் தொழில். தெருவில் எது காணாமல் போனாலும், எது இடம் மாறினாலும் முதலில் என் பெயர்தான் வரும். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலில் கிடந்த 'மணமக்கள்' அட்டையை அத்தையின் வண்டிப் பின்னால் கட்டிவிட்டேன். அவள் பார்க்காமல் மார்க்கெட் வரை போய்விட்டாள். திரும்பி வந்தவள் திட்டவில்லை. "ஏலே, வழியெல்லாம் வாழ்த்துச் சொல்லுதாவ. மொய்தான் ஒருத்தரும் எழுதல. நீ எழுதிருதியா?" என்று கேட்டுவிட்டு, அந்த அட்டையை வைத்தே அடுப்புக்கு விசிறினாள்.

இந்த ஆனி மாசம் அத்தை வண்டியின் சைலன்சர் துருப்பிடித்து ரெண்டாகக் கழன்று ரோட்டில் விழுந்தது. அதே போல் கம்பெனிச் சைலன்சர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

என் கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடந்தது. வெளியாட்கள் செய்து விற்கும் பைப். பாம்பு எலியை விழுங்கியது போல நடுவில் வயிறு பெருத்து, பின்பக்கம் சிறுத்துப் போகும். போனில் ஒரு குரூப்பில் பார்த்து மதுரையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்தது. அதை மாட்ட என்னிடம் ஸ்கூட்டர் கிடையாது. பிறகு ஏன் வாங்கினாய் என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை பதிலில்லை. அந்த வயிறு எதற்கு, அது என்ன செய்யும் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

"இது என்னலே, சொரக்கா மாரி இருக்கு?" என்றாள் அத்தை.

"மாட்டிப் பாப்பம் அத்தே. புடிக்கலன்னா சொரக்கா கூட்டு வச்சிருங்க."

"வெடிக்காதுல்லா?"

"வெடிச்சா நான் ஓடிருவேன். நீங்க பயப்படாதீங்க."

மாட்டினேன். சத்தம் அதிகமில்லை, கொஞ்சம் கூர்மையாக, தகரத்தில் ஆணி போட்டது மாதிரி கேட்டது. மறுநாள் காலை திரும்பி வந்த அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பறக்குலே! சைக்கிள்ல போற பிள்ளய எல்லாம் தாண்டிட்டேன்" என்றாள். அதுவரை தாண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் பறந்த வண்டி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. மூட்டை ஏற்றிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி வருகையில் இழுவை குறைந்து, எஞ்சின் இறுகி, நின்றேபோனது. மரத்தடியில் நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும். அத்தை மார்க்கெட் சேரும்போது பிச்சி வாயைத் திறந்திருந்தது.

அன்று சாயங்காலமே மருதப்பன் அண்ணாச்சி வந்துவிட்டார். பூ போட்டிருக்கிறவர்கள் எல்லாருக்காகவும் பேசுகிறவர் அவர்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அப்படி நின்றால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"முத்துமாரி, ஒன்ன நான் குத்தம் சொல்லல. ஆனா வெங்கடேஷ் லோடு ஆட்டோ வாங்கிருக்கான். மேல தார்ப்பாய் போட்டு, ஒரே நடையில எல்லாத்தையும் ஏத்திருதேங்கான். ஆளுக எங்கிட்ட வந்து கேக்காவ. நான் என்ன சொல்ல?"

"ஒரு நாளு நின்னுட்டு அண்ணாச்சி. வண்டிதான."

"வார முகூர்த்தத்துக்கு மார்க்கெட்காரன் பூ பூராம் கேட்டிருக்கான். அன்னைக்கு மட்டும் சுணங்கிரப்படாது. சுணங்குனா பொறவு பை ஆட்டோவுக்குத்தான். நான் சொல்லிட்டேன், பாத்துக்க."

அவர் போனபிறகு அத்தை வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெங்கடேஷின் ஆட்டோ ஓட ஆரம்பித்தால் அத்தைக்கு அந்த ரோட்டில் வேலை கிடையாது. விடியலில் கிளம்பிப் போவது, ஊருக்கு ரோடு பிரியும் ஒவ்வொரு விலக்கிலும் பேசிச் சிரிப்பது, எல்லாம் முடிந்துபோகும். அத்தை குனிந்து பைப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"பழைய ஓட்டச் சைலன்சரையே வெல்டு வச்சு மாட்டிருவமாலே?"

"அது உதுந்து போச்சு அத்தே. கோளாறு பைப்புல இல்ல. வாங்க, காட்டுதேன்."

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினேன். அதன் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. வண்டியின் வயிற்றில் என்ன நடக்கிறது என்று அதுதான் சொல்லும். நன்றாகச் சாப்பிடுகிற எஞ்சினுக்குக் காப்பி நிறம். பெட்ரோல் அதிகமானால் கறுத்து ஈரமாகும். குறைந்தால் வெளுக்கும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. வீடியோவில் ஓர் இங்கிலீஷ்காரன் சொன்னான். பாதி புரிந்தது, மீதியைக் கை பார்த்துக்கொண்டது. விஷயம் இவ்வளவுதான். புதுப் பைப்பின் பெருத்த வயிறு புகையை வேகமாக இழுத்து வெளியே தள்ளுகிறது. அது இழுக்க இழுக்க, உள்ளே காற்று கூடுதலாக வருகிறது. பெட்ரோல் மட்டும் பழைய அளவுதான். இந்த வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது என்பதால் அதுவும் போதவில்லை. வேலையைக் கூட்டிவிட்டுச் சோற்றைக் கூட்டவில்லை. அப்புறம் காயாமல் என்ன செய்யும்?

"அதான் சூடு ஏறி நிக்கு" என்றேன்.

"சூடா?" அத்தை குனிந்தாள். "எங்கன சூடு?"

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டர் பெட்டியின் ஸ்குரூவையும் கழற்றித் திறந்து காட்டினேன். மேலே கம்பிவலை போட்ட ஏர் ஃபில்ட்டர். "மூச்சு இந்த வழியாத்தான் உள்ள போகுது. இதுக்கு நேர் கீழ ஜெட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுல உள்ள ஓட்ட வழியாத்தான் பெட்ரோல் ஏறும். அந்த ஓட்டையப் பெருசாக்கணும்."

ஃபில்ட்டரைத் தூக்கி ஜெட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பித்தளையில் குன்றிமணி அளவுத் துண்டு. நடுவில் ஊசி நுனி போல ஓட்டை. அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"இம்புட்டூண்டு ஓட்டையா என்னக் குருவிகுளம் கூட்டிட்டுப் போகுது?"

"அதேதான்."

"மூக்குத்தி மாரி இருக்குலே" என்று மூக்கின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பெரிய ஓட்டை ஜெட்டுகள் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தன. வந்த அன்றைக்கே மத்தியானம் குருவிகுளம் ரோட்டுக்குப் போனோம். இருப்பதில் பெரியதை முதலில் போட வேண்டும், பிறகு இறங்கி வர வேண்டும். வெளுத்தால்தான் ஆபத்து, கறுத்தால் புகைதான். முதல் ஜெட்டுக்கு வண்டி அடுப்பு ஊதியது போலப் புகைந்து திக்கித் திக்கி ஓடியது. பிளக்கில் கரி. அடுத்த அளவு போட்டேன். காற்று ஸ்குரூவை உள்ளே திருகி, வண்டி திக்கியதும் வெளியே திருகி, சத்தம் சீராகும் இடத்தில் விட்டேன்.

"இப்ப முழுசா முறுக்குங்க அத்தே. நான் சொன்னதும் கிளட்ச்சப் புடிச்சு எஞ்சின ஆஃப் பண்ணணும். மெதுவா வேகத்தக் கொறச்சா நெறம் மாறிரும்."

"நீ இறுக்கிப் புடிச்சுக்க. விழுந்தா உங்க அம்மைக்கு நான் பதில் சொல்ல முடியாது."

கரிசல் காட்டுக்கு நடுவே நேராகப் போகிற ரோடு. அத்தை முறுக்கினாள். அவள் சட்டை காற்றில் உப்பி என் மூஞ்சியில் அடித்தது. "இப்ப!" என்று கத்தினேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டு நின்றது. இறங்கிப் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிறவர் ஒருவர் மந்தையோடு வந்து நின்றார்.

"என்ன தாயி, பெட்ரோல் தீந்துட்டா?"

"இல்ல அண்ணாச்சி. பிள்ளைக்கு நாக்கு பாக்கோம்" என்றாள் அத்தை.

அவரும் குனிந்து பார்த்தார். ஆடுகளும் பார்த்தன. பிளக் நுனி நல்ல காப்பி நிறம்.

"காப்பி கலருன்னா நல்லதாம்" என்று அத்தை அவருக்கு விளக்கினாள். "நம்ம வீட்டுக் காப்பி. கடக்காப்பி இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி மாவு மாதிரி ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் இருக்க, இறங்கும்போது அவளுடைய ஹெல்மெட்டைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை வண்டி மறுபடி நின்றது.

அத்தை தள்ளிக்கொண்டே வந்தாள். நாக்கு, அதாவது பிளக், வெளுத்திருந்தது. நேற்று காப்பி, இன்று சுண்ணாம்பு. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. உள்ளே பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது.

பெட்ரோலில் அழுக்கு என்று முடிவுகட்டி, டேங்க்கைக் கழுவி, குழாயில் சல்லடை போட்டு, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடுகிறது. விடிந்தால் வழியில் நிற்கிறது. கழற்றினால் அதே பழுப்பு அடைப்பு. பெட்ரோல் தேங்கும் கிண்ணமோ பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. அப்படியென்றால் அழுக்கு பெட்ரோல் வழியாக வரவில்லை, மேலே காற்று வழியாக வருகிறது. ரோட்டுத் தூசியா? குருவிகுளம் ரோட்டில் கரிசல் தூசி, கருப்பாகத்தான் இருக்கும். இந்த மண்ணுக்கும் அந்த ரோட்டுக்கும் சம்பந்தமில்லை. யாரோ போட்டால்தான் உண்டு.

யார்? எனக்கு வெங்கடேஷ் மேல்தான் கண். டேங்க்கில் சீனி போடுவது, புகைக்குழாயில் உருளைக்கிழங்கு அடைப்பது எல்லாம் எனக்குத் தெரிந்த கலைதான். ஆனால் ஒருவர் பிழைக்கிற வண்டியில் நான் கைவைத்ததில்லை. அதற்கென்று எங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

பெத்துராஜ் மாமாவின் கண் வேறு பக்கம் இருந்தது. தறிக்குக் கிளம்பியவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

"ஏலே அருணு, ஒன்ன ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. வெளாட்டுக்குத்தான?"

"எது மாமா?"

"வண்டிக்குள்ள மண்ணப் போடுதது."

"மாமா, நான் ஏன் மாமா..."

"அந்த அட்டையக் கட்டுனது யாரு? என் செருப்பு ஒத்தக் காலத் தென்னமரத்துல ஆணி அடிச்சது யாரு?"

இரண்டும் நான்தான். மாமா சத்தம் போடாமல்தான் சொன்னார். "நாளைக்கு முகூர்த்தம். அவ சாப்பிடாம கெடக்கா. வெளாட்டுக்கு ஒரு அளவு இருக்குல்லா மக்கா."

செய்த வேலைக்கெல்லாம் திட்டு வாங்கியபோது எனக்கு வலித்ததே இல்லை. செய்யாததற்கு அவர் 'மக்கா' என்று சொன்னதுதான் குத்தியது.

அன்று சாயங்காலம் ஜெட்டை மறுபடி சுத்தம் செய்து மாட்டினேன். முகூர்த்த நாள் விடிவதற்கு முன்பே எழுந்து எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அத்தை வீட்டுச் சந்தும் வண்டியும் தெரியும். கையில் போன், வீடியோ எடுக்க. வெங்கடேஷ் வந்து மூடியைத் தொட்ட நொடியில் தெருவையே எழுப்பிவிடுவது என் திட்டம். சந்தில் பூனை ஒன்று போனது. பால்காரர் போனார். வெங்கடேஷ் வரவில்லை.

கதவு திறந்தது. குளித்து முழுகி, ஈரத்தலையில் துண்டு சுற்றி, அத்தை வந்தாள். கையில் ஒரு கிண்ணம், ஸ்குரூடிரைவர். சுற்றிப் பார்க்கவில்லை, ஒளிக்கவில்லை. வண்டி முன்னால் உட்கார்ந்தாள். நான் செய்து காட்டியது போலவே பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கார்புரேட்டர் பெட்டியைத் திறந்தாள். கிண்ணத்திலிருந்ததை விரலால் தொட்டு, மூச்சு போகிற வழி என்று நான் சொன்னேனே, அந்த ஃபில்ட்டரின் மேல் பற்றுப் போட்டாள். ஒரு விரல், ரெண்டு விரல், மூன்றாவது விரலில் கொஞ்சம் தாராளமாக. காய்ச்சல் பிள்ளை நெற்றியில் போடுகிற அதே கை.

"சூடு தணியட்டும் மக்கா. இன்னைக்கு ஒரு நாளு கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு. ஆத்தா கோமதி, நீதான் பாத்துக்கிடணும்."

புத்துமண்.

எல்லாம் விளங்கிவிட்டது. எஞ்சின் சூட்டில் பற்றுக் காய்ந்து உதிரும், நான் திறக்கும்போது ஃபில்ட்டரில் வெறும் தூசிதான் தெரியும். ஃபில்ட்டருக்கு நேர் கீழே ஜெட். புதுப் பைப் வேறு நன்றாக இழுக்கிற பைப். அம்மன் பிரசாதம் முழுவதும் நேராக ஜெட்டுக்குள். பெட்ரோல் ஏறாது. சூடு இன்னும் கூடும். சூடு கூடக் கூட அத்தை பற்றையும் கூட்டியிருக்கிறாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துச் சிரித்துத் தொட்டிக்குள் விழுந்திருப்பேன். அந்த வீடியோ குரூப்பில் போட்டிருந்தால் ஊரே பார்த்திருக்கும். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஓடினேன். அவள் கிக்கரை மிதிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

"அத்தே, நில்லுங்க! கிளப்பாதீங்க!"

"என்னலே, கூப்பிடாம எந்திரிச்சு வந்துட்ட? மழ கிழ வந்துரப் போகுது."

என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. நீங்கள்தான் காரணம் என்று சொன்னால், இந்த நாளில், வண்டியையே தொடமாட்டாள். அம்மனைச் சொன்னால் வாயிலேயே போடுவாள். பொய் சொல்வதில் எனக்கிருக்கும் பழக்கம் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

"நேத்து மாட்டும்போது ஒரு வாஷர விட்டுட்டேன். ஒரு நிமிசம்."

மூடியைத் திறந்தேன். ஃபில்ட்டரில் ஈரப் பற்று. அத்தை தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துணியால் துடைக்கக் கை போனது, துடைக்க மனம் வரவில்லை. காலில் படுகிற இடத்தில் அம்மன் மண்ணைத் துடைத்துப் போட்டால் அவள் தாங்கமாட்டாள். விரலால் வழித்து எடுத்து, வெளியே எஞ்சின் மூடியின் தகரத்தின் மேல் பூசினேன். ஜெட்டை ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டினேன்.

"அத்தே, பத்துன்னா நெத்தி மேலதான போடுவாவ? காய்ச்சக்காரனுக்கு மூக்குக்குள்ள போட்டா மூச்சு முட்டாதா?"

அத்தை குனிந்தாள். தகரத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். நேற்றும் முந்தாநாளும் அவள் கண்ணுக்குள் ஓடுவது எனக்கே தெரிந்தது.

"ஏலே. வண்டி நின்னது நான் போட்டதுனாலயா?"

"சே, இல்ல அத்தே. பெட்ரோல் சரியில்ல. அந்த பங்க்குல இனிமே போடாதீங்க."

"கோட்டிப்பயலே" என்றாள். திட்டுகிற குரலில்லை. "ஏறு பின்னால. வழியில நின்னா தள்ள ஆள் வேணும்."

முதல் மிதியில் வண்டி கிளம்பியது. கொஞ்சலும் இல்லை, வசவும் இல்லை. ரயில்வே கேட் திறந்திருந்தது. அதுவே நல்ல சகுனம். ஒவ்வொரு விலக்காக நின்று பை ஏற ஏற, நான் உட்காரும் இடம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசி விலக்கில் வெங்கடேஷின் லோடு ஆட்டோ நின்றிருந்தது. புதுத் தார்ப்பாய், முன்னால் எலுமிச்சம்பழம். மருதப்பன் அண்ணாச்சி இரண்டுக்கும் நடுவில் பைகளோடு நின்றார்.

"வந்துட்டியா?" என்றார். வெளுக்க ஆரம்பித்த கிழக்கைப் பார்த்தார். பையைப் பிரித்து ஒரு பிச்சியை எடுத்துப் பார்த்தார். மொட்டு மூடியே இருந்தது.

"ஊரு போய்ச் சேராது அண்ணாச்சி, வழியிலயே இது நிக்கும்" என்றான் வெங்கடேஷ். "நான் பின்னாலயே வாரேன். நின்னா ஏத்திக்கிடுதேன்."

"வா" என்றாள் அத்தை. "தூசி கண்ணுல விழாம பாத்துக்க."

பை எல்லாம் ஏறியதும் எனக்கு இடமில்லாமல் போனது. வேறு வழியில்லாமல் நான் எதிரி வண்டியில் ஏறினேன். வெங்கடேஷ் வழியெல்லாம் புதுத் தார்ப்பாயின் விலையைச் சொல்லிக்கொண்டு வந்தான். என் காது முன்னால் போகும் சத்தத்திலேயே இருந்தது. தகரத்தில் ஆணி போட்டது போல, ஒரே சீராக, எங்கும் இறுகாமல். அன்று ஆடு மேய்ப்பவர் நின்ற இடத்தைத் தாண்டியது. வண்டி உட்காரும் மரத்தடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு எங்களுக்குச் சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டாள்.

நாங்கள் மார்க்கெட் சேரும்போது பூ ஏற்கெனவே தராசுக்குப் போயிருந்தது. விலக்கிலேயே நின்றுவிட்ட மருதப்பன் அண்ணாச்சி மார்க்கெட்டுக்குப் போன் போட்டு, "சேந்துட்டா? மொட்டாத்தான் இருக்கா? சரி, பை நாளைக்கும் முத்துமாரிக்குத்தான்" என்று சொன்னதை, போனை எடுத்தவர் ஸ்பீக்கரில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். வெங்கடேஷ் அத்தை வண்டியைச் சுற்றிவந்தான். எஞ்சின் மூடியில் காய்ந்திருந்த பற்றைப் பார்த்தான்.

"என்னக்கா, வண்டிக்கும் புத்துமண்ணா?"

"காய்ச்சலா இருந்துச்சு. விட்டுட்டு."

அவன் ஆட்டோவுக்கும் கொஞ்சம் கேட்டான். அத்தை கொடுத்தாள். "மேலதான் பூசணும்" என்று சொல்லியும் கொடுத்தாள்.

பிறகு டூல் பையிலிருந்து பிளக் ஸ்பானரை எடுத்து உட்கார்ந்தாள். வந்து நின்ற வேகத்தில் அப்படியே ஆஃப் செய்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. மாமா சட்டையின் நுனியால் சுடுகிற பிளக்கைப் பிடித்துக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன். முழங்கையால் தள்ளினாள்.

"காப்பிதாம்லே" என்றாள். "ஆனா பால் கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு நூலு பெரிய ஓட்டையா போடணும்."

வாங்கிப் பார்த்தேன். சரிதான். மூட்டை ஏறியதால் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஒரு அளவு கூட்ட வேண்டும்.